சமையல் பஸ்ஸுக்கு ஒரு ஹேண்ட் பிரேக்

அக்டோபர் 6, திங்கள்

காலையிலேர்ந்து மூட்டம். மழை இல்லை. அறுத்த நெல்லை ரோடு பூரா காயப் போட்டிருக்காங்க, பஸ்ஸை வெளியில எடுக்க வழியில்லை.

அடுத்த வாரம் பஸ்ஸுக்கு எஃப்.சி., ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல தகுதிச் சோதனை. டயர் சரி. லைட் சரி. ஹார்ன் பாபநாசத்தையே எழுப்பும். ஹேண்ட் பிரேக் மட்டும் இல்லை. ரிப்பேர்னு இல்லை, இல்லவே இல்லை. லீவர் இருந்த இடத்துல ஓட்டை. வாங்கினப்பவே அப்படித்தான்.

டவுன் பஸ்ஸா ஓடித் தேஞ்ச வண்டி. சீட்டையெல்லாம் கழட்டிட்டு அடுப்பு, தண்ணி டேங்க், பாத்திர ரேக் வச்சேன். வயக்காட்டு நடுவுல குலதெய்வக் கோயில், காதுகுத்துன்னா அங்க அடுப்பு மூட்ட ஒரு கல்லு கிடைக்காது. என் பஸ் போய் நின்னா நூறு இலைக்குச் சோறு.

கொழுந்தன் ரமேஷ்கிட்ட சொன்னேன், ஹேண்ட் பிரேக் தேடணும்னு. சிரிக்கிறான். "நம்ம ஊர்ல ஏது மேடு அண்ணி? கட்டை போட்டுக்கிட்டாப் போதும்."

ஆடி மாசம் குடமுருட்டிக் கரை இறக்கத்துல அந்தக் கட்டைதான் நழுவுச்சு. பஸ் உருண்டுச்சு. கொதிக்கிற சாம்பார் யார் கால்ல ஊத்துச்சு? அவன் கால்லயா? தோல் இன்னும் சுருங்கிக் கிடக்கு.

அக்டோபர் 7, செவ்வாய்

டிரைவர் சேகர் அண்ணனோட தஞ்சாவூர். காயலாங்கடை ஏறி இறங்கினது:

- முதல் கடை: லீவர் உண்டு. பல் எல்லாம் துரு. தொட்டா உதிருது.
- அடுத்தது: "போன வாரந்தாம்மா எடைக்குப் போட்டோம்."
- கடைசி: "வீட்ல ஆம்பளைங்க யாரும் வரலையா?" ஆம்பளை சிங்கப்பூர்ல இருக்காரு, போய்ப் பேசிட்டு வாங்கன்னேன். சேகர் அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கிறார்.

இந்த மாடலுக்குப் புதுசு வர்றதே இல்லையாம்.

வாங்கணும்: சீரகம், கேஸ் டியூப், காலுக்குக் களிம்பு. களிம்பு மறந்துட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

கொட்டு கொட்டுன்னு மழை. கூத்தாநல்லூர் பக்கம் ஒரு பாய் பழைய பஸ் உடைக்கிறார்னு கேள்விப்பட்டுப் போனோம். சேலை முழங்கால் வரைக்கும் சேறு.

பாய் குடை பிடிச்சுக்கிட்டே பேசினார். "டெல்டாவுல ஓடுன வண்டியில ஹேண்ட் பிரேக் தேடுனா எப்படிக் கிடைக்கும் தங்கச்சி? இங்க எந்த டிரைவரு அதைத் தொட்டிருக்கான்? கியர்ல போட்டுட்டு, கட்டைய வச்சுட்டு டீ குடிக்கப் போயிருவான். அது இருந்த இடத்துலயே துருப்பிடிச்சுச் செத்திருக்கும். இருங்க, கொல்லிமலை ஓடுன வண்டி ஒண்ணு கிடக்கு."

இருந்தது! லீவர், பல் தகடு, கேபிள், எல்லாம். பிடி மட்டும் கை பட்டுப் பட்டு வழவழன்னு. அந்த மலையில யாரோ தினம் இதை நம்பி வண்டியை விட்டு இறங்கியிருக்கான்.

மடியில வச்சுக்கிட்டே வந்தேன். சேலை பூரா கிரீஸ். போகட்டும்.

ராத்திரி சிங்கப்பூருக்கு, அவருக்குப் போன். "கிடைச்சுருச்சுங்க"ன்னேன். "ம். சரி"ன்னார். அவ்வளவுதான்.

அக்டோபர் 11, சனி

சேகர் அண்ணன் மாட்டிட்டார். நான்தான் ஸ்பானர் எடுத்துக் குடுத்தேன். லீவரை இழுத்தா ஒரு சின்ன இரும்புத் துண்டு போய்ப் பல்லுல உக்காருது. லாக்குன்னு பேரு. என் கட்டை விரல் அளவு. "இது இல்லைன்னா மத்ததெல்லாம் சும்மா இரும்பும்மா. பின்னைக் கழட்டினா கையோட வந்துரும், பத்திரம்."

அதே குடமுருட்டி இறக்கத்துல கொண்டு போய் நிறுத்தினோம். கட்டை இல்லாம. நின்னுச்சு. அசையலை. எனக்கு அழுகை வந்துருச்சு, வெக்கமில்லாம அழுதேன்.

ரமேஷும் வந்து பார்த்தான். போட்டோகூட எடுத்தான். "எஃப்.சி.க்கு நானே ஓட்டிட்டுப் போறேன் அண்ணி, நீங்க அலையாதீங்க." பரவாயில்லையே, பயலுக்குப் புத்தி வந்துருச்சேன்னு நெனச்சேன். பாயசம் வச்சுக் குடுத்தேன்.

19ம் தேதி ஞாயித்துக்கிழமை கீழ்வேளூர்ல காதுகுத்து. ஆர்டர் உறுதி.

அக்டோபர் 13, திங்கள்

வெயில். சாயங்காலம் ஷெட்டுக்கு டீ கொண்டு போனேன். டிரைவர் சீட்ல யாரோ ஒரு ஆள் உக்காந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்து இழுத்துப் பார்க்கறான். "கிண்ணுன்னு நிக்குதே! எஃப்.சி. சீட்டு கையில வந்ததும் வண்டிய எடுத்துக்கறேன்." ரமேஷ்: "சிங்கப்பூர்ல அண்ணன்கிட்ட பேசியாச்சு."

டீயைக் கீழ வச்சுட்டு வெளியில வந்து அவருக்குப் போன் போட்டேன். "சொல்லலாம்னுதான் இருந்தேன்"கறார் மனுஷன். "பொம்பளை பஸ்ஸை வச்சுக்கிட்டு ஊர் ஊரா அலையணுமா? ஆர்.சி. புக்கு ரமேஷ் பேர்லதானே இருக்கு."

ஆமா. அவன் பேர்லதான். ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பொம்பளை போய் நிக்க வேணாம்னு நாலு பேர் சொன்னாங்க, நானும் தலையாட்டினேன். என் அம்மா வீட்டு நகைய வித்து வாங்கின பஸ். பாயசம் வேற வச்சுக் குடுத்திருக்கேன், த்தூ.

ரமேஷ் அந்த ஆளை பஸ் ஸ்டாண்டுல விடப் போனான். நான் பஸ்ல ஏறினேன். பாத்திர ரேக்ல இடுக்கி இருந்தது.

அக்டோபர் 14, செவ்வாய்

காலையில லேசாத் தூறல். ரமேஷ் பஸ்ஸை எடுத்துட்டுப் போனான். ஹேண்ட் பிரேக்கைத் தொட்டே பார்க்கலை. அவன் என்னிக்குத் தொட்டான்?

கீழ்வேளூருக்குப் போன் போட்டேன். பஸ் வராது, கல்லு அடுக்கி அடுப்பு போடுங்க, பாத்திரம் வாடகைக்கு எடுங்க, நான் டவுன் பஸ் ஏறி வந்து ஆக்கித் தர்றேன்னேன். "நீங்க வந்தாப் போதும்க்கா"ன்னாங்க.

சேகர் அண்ணன் வாசல்ல வந்து நின்னார். லாக்கைக் காட்டினேன். மிளகு டப்பாவுல போட்டு மூடினேன்.

பதினொரு மணிக்கு ரமேஷ் போன். மூச்சு வாங்குது. "அண்ணி, லீவரை இழுத்தா நிக்க மாட்டேங்குது, சும்மா வருது. இன்ஸ்பெக்டர் எழுதிட்டாரு, எஃப்.சி. கிடையாதாம். வாங்க வந்த ஆளும் கிளம்பிட்டான். நேத்து நல்லாத்தானே இருந்துச்சு? இப்ப என்ன பண்றது?"

"நம்ம ஊர்ல ஏது மேடு தம்பி? கட்டை போட்டுக்கங்க."