பாட்டுப் புத்தகத்தில் இல்லாத முடிவு

ஜூன் 5, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. படங்குச் சாக்கு காயவே இல்லை. ஈரத்தோடு இடுப்பில் சுற்றிக்கொண்டு வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனேன். (கடைக்காரர் கொடுத்தது போன வருடத்து டயரி. கிழமையை அடித்துவிட்டு எழுத வேண்டியிருக்கிறது.)

கொழுந்து பறிக்க இன்றைக்கும் கடைசித் தேயிலை நிரை. மேட்டு ஓரம், அட்டைக்கடி. டயகமவிலிருந்து கல்யாணமாகி மஸ்கெலியாப் பக்கம் வந்து நாலு மாதம், நாலு மாதமும் ஓரம்தான். கங்காணி போடுவதில்லை, பெண்களே அப்படி நிரை பிடித்துக்கொள்கிறார்கள். நடுவில் இருப்பவர்களுக்குப் பேச்சு. ஒருத்தி பின்தங்கினால் பக்கத்து நிரைக்காரி நாலு செடி எட்டிப் பறித்துக் கொடுப்பாள். எனக்கு எட்டிப் பறிக்க யார்?

பேச்சும் ஒரே பேச்சு. அந்தப் படம். முதல் படத்தில் ரயில் ஸ்டேஷனில் அம்மாவும் மகனும் பிரிந்துவிட்டார்களாம். இரண்டாவது படம் வருகிற ஞாயிறு டவுனுக்கு வருகிறது.

"ஏ எஸ்தரு, மொதப் படமாவது பாத்தியா?" புஷ்பம் அக்கா. ஆறு தடவை பார்த்தவள். நிரையில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"அவ சபை வீட்டுப் புள்ளக்கா. அவங்கப்பா சினிமா நோட்டீசப் பாத்தாலே கண்ணக் கழுவிக்குவாராம்!" என்றாள் செல்லம்மா.

ஒரே சிரிப்பு. எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. "ரெண்டாவது படமே பாத்தாச்சு. நுவரெலியாவுல. தங்கச்சிக்குச் சேல எடுக்கப் போனப்ப."

பறிப்பதை விட்டுவிட்டு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஆண்டவரே, இந்த வாயை ஏன் கொடுத்தீர்?

சேலை எடுக்கப் போனது நிஜம். பஸ் ஸ்டாண்டில் பாட்டுப் புத்தகம் வாங்கியதும் நிஜம். தியேட்டரை வெளியிலிருந்து பார்த்தேன். அதுவும் நிஜம்தான்.

ஜூன் 6, புதன்

மழை. காற்றும்.

நடு நிரை! புஷ்பம் அக்காவுக்கும் செல்லம்மாவுக்கும் நடுவில். "இங்கிட்டு வா புள்ள, கதையச் சொல்லு."

நேற்றே அரிசிப் பெட்டிக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்து, கதைச் சுருக்கத்தை மூன்று தடவை படித்தேன். முதல் படம் இவர்கள் பேசிப் பேசியே எனக்கு மனப்பாடம். இரண்டாவதில் மகன் லாரி டிரைவர். அம்மா ஒரு பெரிய பங்களாவில் சமையல். ஒரே ஊரில் இரண்டு பேரும். சொல்லச் சொல்ல எனக்கே பார்த்த மாதிரி இருந்தது. பாட்டு இரண்டை முணுமுணுத்தும் காட்டினேன், மெட்டு என்னுடையது.

ஆனால் சுருக்கம் பாதியில் நிற்கிறது. மகன் பங்களா வாசலுக்கு வருகிறான். அதோடு "மீதியை வெள்ளித்திரையில் காண்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? முடிவச் சொல்லிட்டா நீங்க என்னத்தப் பாப்பீங்க?"

"கெட்டிக்காரிடி நீ!" புஷ்பம் அக்கா முதுகில் ஒன்று வைத்தாள். என் கூடையில் இரண்டு பிடி கொழுந்தும் போட்டாள். நாலு மாதத்தில் முதல் தடவை. அழுகை வந்தது, மழையில் தெரியவில்லை.

வாங்க: மண்ணெண்ணெய், கருவாடு, சோடா உப்பு.

ஜூன் 8, வெள்ளி

லெச்சுமி அக்கா கூப்பிட்டு அனுப்பினாள். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கடைசிக் காம்பரா. பிள்ளை பெற்று இருபது நாள். முப்பது கழியாமல் வாசல் தாண்டக் கூடாது என்று மாமியார் கட்டளை. ஞாயிறு எல்லோரும் லாரி பிடித்துப் படத்துக்குப் போகிறார்கள், இவளுக்கு இல்லை. சுக்குக் காப்பி கொடுத்தாள்.

"எனக்கு மட்டும் முடிவச் சொல்லிரு புள்ள. நான் எப்பப் பாக்கப்போறேன்? அம்மாவும் மகனும் சேந்துடுறாங்களா?"

நான் பிகு செய்தேன். "அதெல்லாம் சொல்லக் கூடாதுக்கா."

அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இவள் அம்மாவும் தம்பிகளும் இந்தியாப் பதிவு, இந்தியப் பிரஜையாக எழுதிக் கொடுத்தவர்கள். இரண்டு வருடம் முன்னால் பாஸ்போர்ட் வந்து தலைமன்னார் வழியாகப் போய்விட்டார்கள். இவள் புருஷன் இலங்கைப் பிரஜை, அதனால் இவள் இங்கே. அட்டன் ஸ்டேஷனில் வழியனுப்பினாள். மண்டபம் முகாமிலிருந்து மூன்று கடிதம். பிறகு இல்லை. பேரப்பிள்ளை பிறந்ததை எந்த விலாசத்துக்கு எழுதுவது?

இதைக் கேட்டுவிட்டு யாரால் தெரியாது என்று சொல்ல முடியும்?

சேர்ந்துவிட்டார்கள் என்றேன். ஸ்டேஷனிலேயே சேர்த்துவைத்தேன். அம்மா ரயிலிலிருந்து இறங்குகிறாள், மகன் ஓடி வருகிறான், அவனுடைய சின்ன வயது நெற்றித் தழும்பைத் தடவிப் பார்க்கிறாள். லெச்சுமி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ண உட்கார்ந்தேன். கண்ணை மூடியதுமே எழுந்துவிட்டேன்.

ஜூன் 10, ஞாயிறு

காலையில் ஆராதனை. பிரசங்கம்: நாவை அடக்குதல். என்னைப் பார்த்தே சொன்ன மாதிரி.

மத்தியானம் லாரி கிளம்பத் தயார். அடுப்பாங்கரையில் என் வீட்டுக்காரர் கேட்டார், "நீயும் வர்றியா? ஒங்கப்பாருக்கு யாரு சொல்லப்போறா?" நாலு மாதத்தில் ஒரு நாள் கூடக் கேட்காத மனுஷன். எனக்குப் போகத்தான் ஆசை. ஆனால் வாசலில் செல்லம்மா, "அவ பாத்துட்டாண்ணே, எங்களுக்கு எடம் வுடச் சொல்லுங்க!" என்று கத்துகிறாள். பாத்திரம் கழுவப் போய்விட்டேன். இவருக்கு ஒரே குழப்பம்.

ஆறு மணிக்கு லாரி திரும்பியது. பெண்கள் எல்லோருக்கும் முகம் வீங்கியிருந்தது. ஜன்னலில் நின்று கேட்டேன். அம்மா செத்துப்போகிறாளாம். மகன் ஆஸ்பத்திரிப் படியில் ஏறும்போதே உயிர் போய்விடுகிறதாம்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள். எனக்கு ஐந்தே நாள்.

ஜூன் 11, திங்கள்

மழை விட்டது, மூடுபனி.

பெரட்டிலேயே புஷ்பம் அக்கா பிடித்துக்கொண்டாள். "லெச்சுமிகிட்ட ரெண்டு பேரும் சேந்துட்டாங்கன்னியாமே? எந்தப் படத்தப் பாத்த நீ?"

கூடையை மாட்டிக்கொண்டு நடந்தேன். இந்த வாய் செய்ததெல்லாம் போதும்.

கடைசி நிரை. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூட என் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. நாலு மாதம் ஓரத்தில் இருந்தபோது இவ்வளவு வலிக்கவில்லை. நடுவில் நாலு நாள் இருந்துவிட்டேன், அதுதான்.

பெரிய வேதனை அதுவுமில்லை. லெச்சுமி அக்காவிடம் நிஜ முடிவை யாரோ சொல்லியிருப்பார்கள்.

ஜூன் 12, செவ்வாய்

வெயில்! கம்பளி காயப்போட்டேன்.

காலையில் லயத்து வாசலில் சத்தம். லெச்சுமி அக்கா நிலைப்படிக்கு உள்ளேயே நின்றுகொண்டு புஷ்பம் அக்காவிடம் மல்லுக்கட்டுகிறாள்.

"நுவரெலியாவுல ஓடுனது முழுப்படம்டி. ஒங்களுக்கு வந்தது வழியில அறுந்து ஒட்டுனது. சாவுறதோட முடிச்சிட்டானுங்க."

"செத்த பொறகு எப்பிடிடி ரயில்ல வருவா?"

"மயக்கம்டி அது. அதத்தான் வெட்டிட்டானுங்களே!"

புஷ்பம் அக்கா யோசித்தாள். "நடுவுல ஒருக்கா படம் எகிறுனது நெசம்தான்" என்றாள் செல்லம்மா. நிரை முழுக்க இதே வழக்கு. மத்தியானத்துக்குள் பாதிப் பேர் என் கட்சி. பறித்து முடிக்கும்போது என்னை அறியாமல் நடுவுக்கு வந்திருந்தேன்.

சாயந்தரம் லெச்சுமி அக்கா காம்பராவுக்குப் போனேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாமியார் இல்லை. தேங்காய் உடைத்த மாதிரி சொல்லிவிட்டேன்.

"அக்கா, நான் படமே பாக்கலக்கா. எல்லாம் பொய்யி. மன்னிச்சிருங்க."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. படம் பாத்தவ எவளாச்சும் அந்த அம்மா என்ன பொடவ கட்டியிருந்தான்னு சொல்லாம இருப்பாளா? நீ பொடவயப் பத்தி மூச்சே வுடலியே."

பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "சரி, ரயில்ல இருந்து எறங்குறாள்ல, அதுலருந்து இன்னொருக்கா சொல்லு" என்றாள்.

"ஒங்கம்மா போறப்ப என்னக்கா கட்டியிருந்தாங்க?"

பிள்ளையை மடியில் கிடத்தினாள். "அரக்குக் கலரு. மஞ்சக் கர."

அரக்குக் கலர்ப் புடவை, மஞ்சள் கரை. அம்மா ரயிலிலிருந்து இறங்கினாள்.