சங்கீதா கண்ணாடி, உதயா கண்ணாடி

ஜூலை 18, வியாழன்
மகன் வழிப் பேரன் உதயாவுக்கு ஓசூர் கம்பெனியில் வேலை நிரந்தரமாகிவிட்டது. அவனுக்குக் கீழே ஆறு பேர். மகள் வழிப் பேத்தி சங்கீதா பேங்க் பரீட்சையில் தேறி, செய்யாறில் தனி மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆரணியில் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் இரண்டு பக்கமும் இப்படி விளங்கியதில்லை. வெளியே சொன்னால் பீற்றிக்கொள்கிறாள் என்பார்கள். இங்கே எழுதிக்கொள்கிறேன்.

சங்கீதா முதல் சம்பளத்தில் எனக்குக் கண்ணாடி வாங்கித் தந்தாள். ப்ரோக்ரஸிவ் என்று பெயர். நடுவில் கோடு கிடையாது. மேலே பார்த்தால் தூரம், நடுவில் நான் நெய்யும் தறி, கீழே எழுத்து. ஜப்பான் கம்பெனியாம்.

ஜூலை 23
படி இறங்கினால் தரை நெளிகிறது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழை வளைந்து தெரிகிறது. கடைக்குப் போன் போட்டேன். "புதுசுல அப்படித்தாம்மா இருக்கும், பழகிடும். கண்ணை உருட்டாதீங்க, தலையைத் திருப்பிப் பாருங்க" என்றார் கடைக்காரர். பழகுகிறேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு
உதயா வந்தான். கண்ணாடியை வாங்கித் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். "ஆயா, இதுல தெளிவா தெரியிற வழி குறுகலு. ஓரமெல்லாம் நெளியும். ஜெர்மன் கம்பெனி ஒன்னு இருக்குது, வழி நல்லா அகலம்" என்று கையோடு கடைக்கு அழைத்துப் போய் அளவு கொடுக்க வைத்தான். மருமகள் சூர்யகலாவுக்கு வாயெல்லாம் பல். "எம்புள்ள வாங்கினா ஒசத்தியாத்தான் வாங்குவான் அத்தை." சங்கீதா காதுக்குப் போகக் கூடாது.

ஆகஸ்ட் 17
உதயா கண்ணாடி வந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஓரவஞ்சனை இல்லாமல் எழுதுகிறேன்.

படிக்க சங்கீதாவுடையதுதான் சுகம். உதயாவுடையதில் தாடையைத் தூக்கிக்கொண்டு படிக்க வேண்டும், கழுத்து நோகிறது. தறிக்கு உதயாவுடையது. தலையைத் திருப்பாமல் முழுப் பாவும் தெரிகிறது, படியும் ஆடவில்லை. களம்பூர் பஸ் போர்டு இரண்டிலும் தெரிகிறது.

ஓரத்து நெளிவு உதயாவுடையதில் குறைவு. ஆனால் நட்ட நடுவில் ஒரு நெளிவு, அது இரண்டிலும் இருக்கிறது. இன்னும் பழகவில்லை போல.

ஆகஸ்ட் 30
சங்கீதா போனில் முகம் காட்டிப் பேசினாள். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். "எப்படி இருக்குது ஆயா?" "எனக்குக் கண்ணு குடுத்த மகராசிடி நீ." கொஞ்ச நேரத்தில் உதயா கூப்பிட்டான். அவசரமாக மாற்றினேன். அவனிடமும் அதே பேச்சு. சூர்யகலா சிரித்தாள். "கூத்துல கூட இவ்ளோ ஜல்தியா வேஷம் மாத்த மாட்டாங்க அத்தை."

செப்டம்பர் 11
புதுப் பாவின் இழைகளைப் பழையதோடு பிணைத்தேன். இழை மாறிப்போனது. மகன் குமரேசன் அறுத்துவிட்டுத் தானே பிணைத்தான். பிறகு, "இன்னாம்மா, கை தடுமாறுது?" என்றான். கண்ணாடி பழகல என்றேன்.

செப்டம்பர் 19
கண்ணாடி இரண்டையும் எடுத்து வைத்துவிட்டு, வெறும் கண்ணோடு ஜன்னலைப் பார்த்தேன். கம்பி நடுவில் வளைந்தே இருந்தது.

செப்டம்பர் 20
ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக்கொண்டு மறுபடி பார்த்தேன். வலது கண்ணில்தான். இடது பரவாயில்லை.
சொல்லலாமா? சொன்னா ரெண்டும் வேலையப் போட்டுட்டு ஓடியாரும். புதுசா சேர்ந்த இடம், லீவு கேட்டா பேரு கெடும். தீபாவளிக்கு வரட்டும் — அதுக்குள்ள கண்ணு எங்க ஓடிடப் போவுது.

அக்டோபர் 31, தீபாவளி
இரண்டு பேரும் வந்தார்கள். சங்கீதா என் முன்னால் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள் போல. "ஆயா, என் பொட்டு எப்படி இருக்குது?" "லட்சணமா இருக்குது" என்றேன்.
பொட்டே வைக்கவில்லையாம்.

நவம்பர் 4, திங்கள்
வேலூர் கண் ஆஸ்பத்திரி. "ரெண்டுமே நல்ல லென்ஸுதாம்மா, அது மேல தப்பு இல்ல. விழித்திரைக்குப் பின்னால ரத்தம் கசிஞ்சிருக்குது. கோடு நடுவுல வளைஞ்சப்பவே வந்திருந்தா வலது கண்ணைக் காப்பாத்தப் பார்த்திருக்கலாம்" என்றார் டாக்டர். இடது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது. ஊசி போட்டார்கள். நிற்கும் என்று அவர் சொல்லவில்லை.
பஸ்ஸில் உதயா, "லென்ஸு லென்ஸுன்னு நாந்தான் திசை திருப்பிட்டேன்" என்றான். "முதல்ல வாங்கினது நானு" என்றாள் சங்கீதா. இதிலுமா போட்டி. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நவம்பர் 22
எழுதவில்லை. இஷ்டமில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு
ஊசி போட்டும் இடது கண்ணின் நடுவிலும் கறை விழுந்துவிட்டது. வரி மேல் வரி ஏறினால் ஏறட்டும், எழுதுகிறேன். நேரே பார்ப்பது அழிந்துபோகிறது, பக்கத்தில் இருப்பது தெரிகிறது. தூணைப் பார்த்தால் சூர்யகலா தெரிகிறாள். சூர்யகலாவைப் பார்த்தால் தூண்.

பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லி அவளிடம் சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்து புதுசாக ஒரு படம் எடுத்து, பெரிதாகக் கழுவித் தபாலில் அனுப்ப வேண்டும். போன் படம் எனக்கு ஆகாது. ஒட்டி நிற்க வேண்டாம். நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு நிற்கட்டும். அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டு முகமும் தெரியும்.