ஒரு கொறையும் இல்ல

ஜனவரி 18, ஞாயிறு

கனடா காலேஜ்ல இடம் கிடைச்சாச்சு. உதவித்தொகை தந்தாத்தான் போக முடியும். அதுக்கு இன்னைக்கு அந்தக் காலேஜ்லருந்து ஒரு மேடம் வீடியோவுல பேசினாங்க. குடும்பக் கஷ்டத்தை அப்பாகிட்டயே கேட்டாங்க அந்த மேடம்.

குற்றாலத்துல சீசன் முடிஞ்சதுலருந்து பழக்கடையில ஈ ஓட்டுத அப்பா, தேய்ச்ச சட்டையோட நிமிர்ந்து உக்காந்து, "கஷ்டமா? பிள்ளைக்கு ஒரு கொறையும் வைக்கலம்மா, நல்லாத்தான் இருக்கோம்"னுட்டாரு.

அதை மேடத்துக்கு இங்கிலீஷ்ல சொல்ல வேண்டியது நான்தான். கஷ்டம்னு மாத்திச் சொல்லியிருக்கலாம். அப்பா என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்படியே சொல்லிட்டேன்.

"நல்லாப் பேசுனனா, ஏட்டி?"

"நல்லாப் பேசுனியப்பா."

அந்த ஊரு வானிலையைத் தெனமும் போன்ல பாக்கேன். இப்பவும் பாத்தேன். பனி கொட்டுது. ஒரு தடவையாவது அதுல கால் வச்சு நடக்கணும்.