கேட்டால் சொல்லிவிடும் சர்வர்

இன்று காலை சாத்தூர் அட்டைப்பெட்டிக் கம்பெனியின் சர்வரை நம்முடைய ஆர்டர் மென்பொருளோடு இணைத்தேன். கீழே அச்சகத்தில் காலண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மாடிப்படி முழுக்க மை வாசம். சர்வரின் முகவரியைக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பெட்டி இருப்பு, விலை, வந்து சேரும் நாள் என்று தன்னிடம் என்னென்ன சேவை உண்டோ அத்தனையையும் அது தானே சொல்லிற்று. நாம் ஒரு வரி எழுதாமலே திரையில் புதிய பொத்தான்கள் வந்து உட்கார்ந்தன. "வந்துருச்சுடி" என்று பக்கத்து நாற்காலியைப் பார்த்துச் சொன்னேன். நாற்காலியில் என் கைப்பைதான் இருந்தது.

நீ போய் ஒரு தீபாவளி சீசனே முடிந்துவிட்டது. நான் இன்னும் இப்படித்தான் இருக்கிறேன்.

நாம் இந்த மாடியில் மென்பொருள் கடைபோட்ட புதிதில் எவ்வளவு அல்லாடினோம். பட்டாசுக் கம்பெனிக்காரர் ஆர்டர் எடுத்தால் போதாது; பெட்டி வேண்டும், லேபிள் வேண்டும், லாரி வேண்டும். இவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு சர்வர் இருந்தது. அதை எப்படிக் கூப்பிட வேண்டும் என்ற விவரத்தை அவர்கள் மெயிலில் அனுப்புவார்கள், நாம் உட்கார்ந்து சேர்ப்போம். பிறகு அவர்கள் எதையாவது மாற்றுவார்கள், நம்மிடம் மூச்சுவிட மாட்டார்கள். அந்த ஆவணியில் லாரி செட்டுக்காரர் பெட்டிக் கணக்கை எடைக் கணக்காக மாற்றிவிட்டு, சொல்ல மறந்துபோனார். நாம் பெட்டி எண்ணிக்கை என்று அனுப்பியதை அவருடைய சர்வர் கிலோ என்று எடுத்துக்கொண்டது. பெரிய லாரி வர வேண்டிய பட்டாசுக் கம்பெனி கேட்டில் குட்டியானை என்கிற சின்ன டெம்போ வந்து நின்றது. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது, வெளியே பட்டாசு லோடு அடுக்கிக் கிடந்தது. கம்பெனி முதலாளி நம் இருவர் குடும்பத்தையும் இழுத்துத் திட்டினார். எனக்கு அழுகை வந்தது. நீ அந்தக் குட்டியானையைப் பார்த்துச் சிரித்துத் தொலைத்தாய்.

மறுநாள் உன் ஸ்கூட்டியில் என்னை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு கம்பெனியாகப் போனாய். "இனிமே மெயில் அனுப்ப வேண்டாம் அண்ணாச்சி. ஒங்க சர்வர்ல ரிஃப்ளெக்‌ஷன்னு ஒண்ணு இருக்கு, அதப் போட்டு விட்டாப் போதும். எங்க சர்வர் வந்து ஒங்கட்ட என்ன இருக்குன்னு கேக்கும், ஒங்க சர்வரே பதில் சொல்லிரும். நீங்க மாத்துனா அடுத்த தடவ மாத்துனத சொல்லும்."

லாரி செட்டு அண்ணாச்சிக்கு மட்டும் மனசே ஆறவில்லை. "அப்ப எங்க சங்கதி ஊருக்கே தெரிஞ்சிராதா?"

உன் அம்மா பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தும் வேலைக்குப் போய்வந்தவர். அதனால் உனக்கு உதாரணம் கையிலேயே இருந்தது. "பட்டாசு செட்டுச் சுவத்துல வெளியவே எழுதியிருப்பாகல்ல அண்ணாச்சி, உள்ள என்ன வேல, எத்தன ஆளு இருக்கலாம், எம்புட்டு மருந்து வைக்கலாம்னு. அத வாசிக்கிறவன் மருந்த அள்ளிட்டா போயிருவான்? உள்ள வரச் சாவி வேணும்ல. சாவி ஒங்கட்டதான இருக்கு."

அவர் டீ வாங்கிக் கொடுத்துச் சம்மதித்தார். அதன்பிறகு கேட்டில் தப்பான வண்டி வந்து நின்றதில்லை. ஊரில் எந்தக் கம்பெனி சர்வரும் வாயைத் திறந்து பேசியாக வேண்டும் என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய்.

அந்த நீதான் என்னிடம் வாயைத் திறக்கவில்லை. "ஏன்டி இப்படி மெலிஞ்சுட்ட?" என்று கேட்டேன். சட்டை தோளில் நிற்கவில்லை, கேட்காமல் இருப்பேனா? "சீசன் அலைச்சல் புள்ள. ஒனக்கு மொட்ட போடுறதா இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேந்திருக்கேன், அந்தக் கவலைதான்" என்றாய். நானும் சிரித்தேன். நோய் முற்றிவிட்டது உனக்குப் பங்குனியிலேயே தெரியும் என்பதை, உன் உயிர் பிரிந்த அன்று மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் தம்பி சொல்லித்தான் அறிந்தேன். அன்றைக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. இப்போதும் அதுதான் முன்னால் நிற்கிறது. கண்ட கம்பெனிக்காரனிடமெல்லாம் உள்ளதைச் சொல் என்று மல்லுக்கு நின்றவளுக்கு, தினமும் ஒரே டிபன்பாக்ஸில் சாப்பிட்ட என்னிடம் ஏன் சொல்ல முடியவில்லை? இந்த ஒன்றைக் கேட்பதற்காகவே நீ ஒரு முறை வந்துவிட்டுப் போனால் தேவலை என்று நினைத்துக்கொள்வேன்.

மற்றபடி வேலை நடக்கிறது. புதிது புதிதாகக் கம்பெனிகள் வருகின்றன. பேச்சுக்குத்தான் ஆள் இல்லை. சில நாள் சாயங்காலம்வரை நான் பேசியதெல்லாம் போனில் "பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்பது மட்டுமாக இருக்கும்.

அச்சகத்தில் காலண்டருக்கு அட்டை ஒட்டித் தகடு போடும் அக்கா மட்டும் மத்தியானம் கை கழுவ மாடிக்கு வரும்போது எட்டிப் பார்ப்பார். "நல்லாருக்கியா தாயி?" என்பார். "நல்லாருக்கேன்க்கா" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லிவிடுவேன். நீ போனதிலிருந்து இதுதான் வழக்கம்.

இன்றைக்கும் கேட்டார். காலையில் அந்தச் சர்வர் கேட்டவுடன் எல்லாவற்றையும் சொன்னதைப் பார்த்த மனசோ என்னவோ, வழக்கமான பதில் வரவில்லை. "இல்லக்கா. அவ இல்லாம இங்கன உக்காரவே முடியல. வீட்டுக்குப் போனாலும் இப்படித்தான் இருக்கு" என்றேன்.

அக்கா ஈரக்கையோடு வந்து என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டார். சேலையெல்லாம் பசை வாசம்.

"தினமும் கேக்குறேன்ல தாயி. இம்புட்டு நாளா ஏன் சொல்லல?"

உன்னிடம் கேட்க வைத்திருந்த கேள்வி அது. பக்கத்து நாற்காலியிலிருந்த கைப்பையை எடுத்துவிட்டு அக்காவை உட்காரச் சொன்னேன்.