நக்கோ என்றால் வேண்டாம்

செருப்பு அலமாரியை ஒழிக்கும்போது உன் ஷூ கையில் வந்தது. நீ வருகிறாய் என்று நான் வாங்கி வைத்து, ஊருக்குக் கிளம்பும்போது நீ விட்டுவிட்டுப் போன ஷூ. கயிற்றில் இன்னும் ஒட்டுப்புல் குத்திக்கொண்டிருக்கிறது. இரண்டே நாள் போட்டது, யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எடுத்தேன். கொடுக்க மனம் வரவில்லை, தூக்கி எறியவும் வரவில்லை. சரி, உன்னோடு சண்டையாவது போடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று நாள் லீவில் வருகிறேன் என்று மதுரையிலிருந்து நீ போன் செய்ததுமே நான் அட்டவணை போட்டு அனுப்பினேன். கச்சிபௌலியில் ஐ.டி. வேலை பார்க்கிறவளுக்கு வேறு என்ன தெரியும். வெள்ளிக்கிழமை சார்மினார், வளையல் கடைத் தெரு. சனி விடிந்ததும் காஜாகூடா குன்று, சாயங்காலம் கோல்கொண்டா. ஞாயிறு முழுக்க அனந்தகிரிக் காட்டில் நடை, முடிவில் ஒரு ஏரி.

வந்து இறங்கியதும் நீ கேட்டது ஒன்றே ஒன்று. "ஒரு நாளாச்சும் வீட்ல உக்காந்து பேசுவோமாடி?"

"பேசுறதுக்குத்தான் போன் இருக்குல்ல. ஹைதராபாத் வந்துட்டு எங்க வீட்டு சோபாவப் பாத்துட்டுப் போவியா?" என்றேன். நீ சிரித்தாய்.

உனக்கு எந்தக் காலத்தில் மறுத்துப் பேச வந்தது? காலேஜ் ஹாஸ்டலில் பரிமாறுகிற அக்கா இன்னொரு கரண்டி உப்புமா வைத்தால் அதையும் தின்றுவிட்டு அறைக்கு வந்து என்னிடம் புலம்புவாய்.

வளையல் கடையில்தான் அந்தச் சொல் உனக்குக் கிடைத்தது. கடைக்காரர் டஜன் டஜனாக எடுத்துப் போட, பக்கத்தில் ஒரு அம்மாள் நிமிராமலே "நக்கோ பாய், நக்கோ" என்று தள்ளிக்கொண்டிருந்தாள். இந்த ஊர் உருதுவில் வேண்டாம் என்று அர்த்தம் என்றேன்.

"வேண்டாம்னா சண்டைக்கு வர்ற மாதிரி இருக்கு. நக்கோன்னா கொஞ்சுற மாதிரில்ல இருக்கு" என்றாய்.

அன்று முழுக்க அதே விளையாட்டு. டீ குடிக்கிறாயா, நக்கோ. போட்டோ எடுக்கட்டுமா, நக்கோ. சொல்லிவிட்டு டீயும் குடித்தாய், போட்டோவுக்கும் நின்றாய். என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மறுநாள் காஜாகூடா பாறையில் பாதி ஏறியதும் உட்கார்ந்து "நக்கோ" என்றாய். "இதுக்கே மூச்சு வாங்குதா? மதுரைல ஸ்கூட்டிய விட்டு இறங்குறதே இல்ல போல" என்று கையைப் பிடித்து இழுத்தேன். கோல்கொண்டா படிகளில் மறுபடி ஒரு முறை. அனந்தகிரிச் சரிவில் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் முறை. உன் உதடு வெளுத்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "ஆரம்பிச்சுட்டாங்க நக்கோ மேடம்" என்று மகளோடு சேர்ந்து சிரித்தேன். நீயும் சிரித்துக்கொண்டே நடந்தாய்.

ஐந்து மாதம் கழித்து உன் தம்பி கூப்பிட்டான். நீ போய்விட்டாய் என்றான். இதய வால்வில் கோளாறு, ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லியிருந்தார்கள், நீ தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாய் என்றான். "உங்ககிட்ட கேட்டுட்டு முடிவு பண்றேன்னு ரிப்போர்ட்டோடதான் அங்க வந்துச்சுக்கா. நீங்கதான் வேண்டாம்னு சொல்லிட்டீங்களோன்னு நாங்க நெனச்சோம்."

அந்த ரிப்போர்ட் மூன்று நாளும் என் வீட்டுக் கட்டிலடியில், உன் பைக்குள் இருந்திருக்கிறது.

உன் மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. மூன்று வருஷம் ஒரே அறையில் கிடந்தவளிடம் "முடியலடி" என்று தமிழில் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? சொல்லியிருந்தால் உன்னைத் தூக்கிக்கொண்டே இறங்கியிருப்பேன். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். தூக்கியிருப்பேனா, தெரியவில்லை. அட்டவணையில் இன்னும் ஒரு ஏரி பாக்கி இருந்தது.

நேற்று மகளை நீச்சல் வகுப்புக்குக் கிளம்பச் சொன்னேன். தமிழில் கேட்டால் அவள் எப்போது தமிழில் பதில் சொன்னாள்? டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் "நக்கோ மா" என்றாள். வெறும் சோம்பல், எனக்குத் தெரியும். ஆனாலும் வண்டிச் சாவியை வைத்துவிட்டு சோபாவில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்ன செய்யுது, சொல்லு."

"குச் நை." ஒன்றுமில்லையாம். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நான் எழுந்திருக்கவில்லை.