சுடாமல் போட்ட கையெழுத்து

மார்ச் 3, செவ்வாய், காலை 10.40. சோதனை மேசையில் நாற்பத்தெட்டு பம்பு ஷாஃப்டுகள். கடினத்தன்மை தேறாதவை பதினொன்று. எல்லாம் தேறியதாகக் கையெழுத்துப் போட மதியம் இரண்டு மணி வரை நேரம் தந்திருக்கிறார் மேலாளர்.

மேசையின் வலது மூலை காலியாக இருக்கிறது. இன்று பூரிம் பண்டிகை. இந்த நாளில் நண்பனுக்கு இரண்டு வகைத் தின்பண்டம் கொடுத்தே ஆக வேண்டும் என்பது உங்கள் யூத வழக்கம். சூலூரில் இந்தக் கம்பெனியில் நாம் சேர்ந்து வேலை பார்த்த நான்கு வருடமும் அந்த மூலையில் நேந்திரம் சிப்ஸும் பேரீச்சம்பழமும் வைத்தாய். நன்றிகூடச் சொல்லாமல் தின்றேன்.

கொச்சியிலிருந்து வந்தவன் நீ. எங்கள் 'ங்க'வை எங்களைவிட அதிகம் போட்டாய். நின்றுபோன இயந்திரத்தைக்கூட "ஏனுங்க" என்று தட்டி எழுப்பினாய். உன் முறைப்படி கும்பிட இந்த ஊரில் உனக்குத் துணை ஒருவரும் இல்லை. பூரிமுக்கு முந்தின நாள் நோன்பு; கேண்டீனில் எங்களோடு வெறுமனே உட்கார்ந்திருப்பாய். நீ பட்டினி கிடந்தால் ஷாஃப்ட் கெட்டியாகுமா என்று கிண்டல் செய்தேன்.

ஒருமுறை அந்த நாளின் கதையைக் கேட்டேன். பாரசீக அரண்மனை வாசலில் எல்லோரும் மந்திரிக்குக் குனிய, ஒரு யூதன் மட்டும் குனியவில்லை. அதற்காக அந்த இனத்தையே அழிக்க நாள் குறித்தான் மந்திரி. ராணியாக இருந்த யூதப்பெண் நோன்பிருந்து, உயிருக்குத் துணிந்து ராஜாவிடம் பேசினாள், பிழைத்தார்கள். கதை முழுக்கக் கடவுளின் பெயரே வராது என்றாய். சாமியே இல்லாத சாமி கதையா என்றேன். சிரித்தாய்.

"சாமி முன்னாடி வந்து நின்னா யாரு வேணா நம்புவாங்க. வராதப்பவும் உள்ள சூடு ஆறாம இருக்கோணும்ங்க. அழிக்க வர்றவன் முதல்ல அதைத்தான் ஆத்துவான்."

எனக்கு அது உலைக்கூடத்துப் பேச்சாகத்தான் கேட்டது.

போன வருடமும் இதே மாதிரி ஒரு லாட் ஷாஃப்டுகள் தேறவில்லை. நீ கையெழுத்துப் போட மறுத்தாய். மேலாளர் அதட்டவில்லை. காகிதத்தை என் பக்கம் நகர்த்தி, தோளில் கை வைத்தார். "எல்லாரும் செய்யறதுதான் கண்ணு. ஒரு கோடு இழுத்துப்போடு." போட்டேன். நான்கு நொடி. உன்னை ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள்.

உன் பொருட்களை எடுக்க வந்த அன்று பூரிம். அன்றும் அந்த மூலையில் இரண்டு பொட்டலம் வைத்தாய். திட்டிவிட்டாவது போ என்றேன்.

"போட்டதுக்குக் கோவமில்லீங்க. போடறப்ப உங்களுக்குச் சுடவே இல்லை பாருங்க, அதுதான் பயமா இருக்குது."

பிறகு மதுக்கரையில் வேலைக்குப் போனாய். மழைக்காலத்தில் அந்தச் சாலையில் லாரி மோதி இறந்தாய். என் கையெழுத்துக்கும் லாரிக்கும் சம்பந்தமில்லை என்கிறார்கள். நான் இன்ஜினியர். ஒவ்வொரு படியாகப் பின்னால் போனால் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

இன்று காலை மேலாளர் மறுபடி தோளில் கை வைத்தார். உன் கடவுளை நம்புகிறேனா, தெரியாது. சுட்டது. ஒரு வருடம் தாமதம். உனக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

இனி செய்யப்போவது:

1. பதினொன்றுக்கும் 'தேறவில்லை' என்று எழுதுவது.
2. அதை மேலாளரிடம் நேரில் கொடுப்பது. வேலை போனால் போகட்டும்.
3. போன வருட லாட்டை வாங்கியவர்களுக்கு, அதிலுள்ள என் கையெழுத்து பொய் என்று எழுதுவது.
4. கொச்சியில் உன் அம்மாவுக்குப் போன் செய்வது. நீயாகத்தான் வேலையை விட்டாய் என்று அவர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்.