மாமா தேர்ந்தெடுத்த சிப்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் அதுவே எனக்குப் போதும்.

உன் மாமா வாங்கிக் கொடுத்த, நீ கோபித்துக்கொண்டு திருப்பி அனுப்பிய கேமிங் லேப்டாப் வந்து சேர்ந்தது. "தனி கிராபிக்ஸ் கார்டே இல்லாத டப்பாவை மாமா தலையில கட்டிட்டாங்க, அவருக்கு என்ன தெரியும்" என்று நீ போனில் கத்தியபோது, உன் மாமா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இப்போது உன் பேச்சை எடுத்தாலே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுகிறார்.

எங்கள் சர்வீஸ் கடையில் வைத்து அதைப் பிரித்தேன். தனி கார்டு இல்லைதான். கணக்குப் போடும் ப்ராசஸரும் படம் வரையும் கிராபிக்ஸும் ஒரே சிப்பில் ஒட்டிப் பிறந்திருக்கின்றன. கட்டைவிரல் நகமளவு இடத்தில் என்னமாய் அடக்கியிருக்கிறார்கள்! இத்தனை லேப்டாப் பிரித்த எனக்கே கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. தனி கார்டுக்குத் தனி மெமரி உண்டு. இங்கே இரண்டுக்கும் ஒரே மெமரி, ஒரே சமையலறையில் இரண்டு பேர் சமைப்பது மாதிரி. மின்சாரமும் மிச்சம், சூடும் குறைவு. ஆனால் அந்த மெமரி வேகமாகக் கொடுத்து வாங்க வேண்டும். அதற்காகத்தான் ரேம் என்கிற மெமரிப் பட்டையை ஜோடியாகப் போடுகிறார்கள், இரண்டு வழியாகப் போய்வரும்.

உன் லேப்டாப்பில் ஒன்றுதான் இருந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. "ரூம்ல இருக்கறவனுக்கு ஒண்ணு கழட்டிக் குடுத்துட்டேன்க்கா, எனக்கு மிச்சமே போதும்" என்று பெருமையடித்தாயே, தர்மப்பிரபு! பாதி வழியை நீயே அடைத்துவிட்டு வண்டி ஓடவில்லை என்றால் எப்படி?

அதே மாதிரி இன்னொரு ரேம் போட்டு, அதிலேயே இருந்த, நீ உருவாக்கிய கம்ப்யூட்டர் விளையாட்டை ஓட்டினேன். மழைக் காட்சியில் திக்கித் திணறிய உன் குதிரை இப்போது தங்குதடையில்லாமல் பாய்ந்தது. கடையில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வாங்குவதற்கு முன் உன் மாமா எத்தனை வீடியோ பார்த்தார் தெரியுமா? "தோள்ல தூக்கிட்டு அலையற புள்ள, கனமா இருக்கக்கூடாது. பிளக் கிடைக்காத எடத்துலயும் பேட்டரி நிக்கணும்" என்று கடைக்காரரைப் பிய்த்து எடுத்துவிட்டார்.

லேப்டாப்பை இன்று அனுப்பிவிட்டேன். ரேம் விஷயத்தை அவரிடம் நான் சொல்லவில்லை, அதை நீதான் சொல்ல வேண்டும். மன்னிப்பெல்லாம் கேட்டு அவரைக் கூச்சப்படுத்தாதே. போன் போட்டு, இதை எப்படி மாமா தேடிப் பிடித்தீர்கள் என்று மட்டும் கேள். அவர் நெடுநேரம் பேசுவார், குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள். சாப்பிடும்போதுகூட போனைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறாரடா.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா